படி ஏறி வந்த அற்புதம்

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் அந்த ஊரில் பஸ்ஸில் இடம் கிடைக்காது. அத்தனை பேரும் பொருட்காட்சி மைதானத்துக்குத்தான் போவார்கள். அங்கேதான் எழுப்பி ஐயா கூடாரம் போட்டிருந்தார்.

ஐயாவின் வைத்தியம் ரொம்ப எளிது. விரலை நீட்டுவார். "எழு! நட!" என்பார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து நடப்பார். கூட்டம் தொண்டை கிழியக் கத்தும். வசூல் பெட்டி நிறையும். மருந்து, மாத்திரை எதுவும் கிடையாது. மருந்து கொடுத்தால், "எங்கே படித்தாய்?" என்று எவனாவது கேட்டுத் தொலைப்பான். விரலுக்கு யார் சர்டிபிகேட் கேட்கப் போகிறார்கள்?

ஐயாவின் சுவரொட்டிகளை அடித்துக் கொடுத்தது மூன்றாவது மாடியில் இருந்த ஓர் அச்சகம். அங்கே புரூஃப் பார்ப்பவளை எல்லோரும் கமா அக்கா என்பார்கள். கமா இல்லாத வாக்கியத்தைக் கண்டால் அவளுக்குக் கை அரிக்கும். சிறு வயதிலிருந்தே அவளுக்குக் கால் நடக்காது. சக்கர நாற்காலிதான். அதில் அவள் போகிற வேகத்துக்கு எதிரே வருகிறவர்கள் தள்ளி நிற்பது நல்லது.

சுவரொட்டியின் புரூஃப் அவள் மேஜைக்கு வந்தது. "நடக்க முடியாமல் வந்தவர்கள் நடந்து போகிறார்கள்!" என்று கொட்டை எழுத்து. கமா அக்கா 'வந்தவர்கள்' என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். ஓரத்தில் எழுதினாள்: எப்படி வந்தார்கள்?

மேனேஜர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவளிடம் உருண்டு வந்தார். உருண்டுதான் வந்தார். அவருடையது சக்கரம் வைத்த சுழல் நாற்காலி. காலையில் உட்கார்ந்தால் மேஜைக்கும் அலமாரிக்கும் ஜன்னலுக்கும் அதிலேயே காலால் உந்திக்கொண்டு போவார். இத்தனைக்கும் அவரைப் பார்த்து ஒருத்தரும் "அய்யோ பாவம்" என்றதில்லை.

"உன்னை எழுத்துப் பிழைதானே பார்க்கச் சொன்னேன்? கேள்வி கேக்கச் சொன்னேனா?"

"பொருள் விளங்கலை சார், அதான் கேட்டேன்."

"எங்க மாமியாரே சாட்சி! என் கண்ணால பாத்தேன். வீல்சேர்ல உக்காந்து மேடைக்கு வந்தாங்க. ஐயா விரலை நீட்டினாரு. எழுந்து விறுவிறுன்னு நடந்தாங்க!"

"உங்க மாமியாருக்கு முட்டி வலின்னுதானே சொன்னீங்க? வீல்சேர் எப்ப வாங்கினீங்க?"

"எதுக்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி!" என்று மேனேஜர் அரைச் சுற்றுச் சுற்றினார். "நல்லா கேட்டுக்க. லிப்ட் ரிப்பேர்காரனை வர வேண்டாம்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை நீ ஐயாகிட்ட வர்றே, எழுந்து நடக்குறே. அப்புறம் லிப்ட் யாருக்கு?"

லிப்ட் கெட்டு மாதக்கணக்காகிவிட்டது. தினமும் காலையில் பைண்டிங்காரரும் வாட்ச்மேனும் கமா அக்காவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து மூன்று மாடி தூக்கி வருவார்கள். பிறகு மறுபடி இறங்கிப்போய் அவள் வண்டியைத் தூக்கி வருவார்கள். "ராணி பல்லக்குல போறாங்கப்பா" என்று கீழ்க்கடைக்காரர் சிரிப்பார். அவள் உட்கார்ந்து போகக்கூடிய கழிப்பறை இருந்தது கீழ்த்தளத்தில். அதனால் ராணி காலையிலிருந்து மாலைவரை ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. தன் காலைப் பற்றி அவளுக்கு வருத்தம் கிடையாது. அது அவள் கால், பழகிய கால். நாக்கு வறண்டு உட்கார்ந்திருப்பதுதான் அவளை அழ வைத்தது. தன் சம்பளத்துக்குத் தான் உழைக்க, யாரோ இரண்டு பேர் மூச்சு வாங்குவதைத் தினமும் கேட்டுக்கொண்டு மேலே போவது அவளுக்கு அவமானமாக இருந்தது.

"சார், எனக்குக் கால் வேண்டாம். லிப்ட்தான் வேணும்."

"அடடா, என்ன பேச்சு இது! உனக்கு நடக்க ஆசை இல்லையா?"

"உங்களுக்குப் பறக்க ஆசை இல்லையா சார்? இறக்கை இல்லாம பாவம், படி ஏறி வர்றீங்களே."

மேனேஜருக்குச் சுருக்கென்றது. "அப்படியா சங்கதி? தூக்கிட்டு வந்து தூக்கிட்டு வந்து அவங்க ரெண்டு பேருக்கும் முதுகு போச்சு. ஞாயித்துக்கிழமை வரலைன்னா திங்கக்கிழமை வேற ஆள் பாத்துக்கிறேன்."

"வர்றேன் சார். ஆனா பேச்சுன்னா பேச்சு. நான் எழுந்து நடந்துட்டா லிப்ட் வேண்டாம். நடக்கலைன்னா லிப்ட் ஓடணும்."

"சத்தியமா!" என்றார் மேனேஜர். தோற்கப்போகிறவர்கள்தான் இவ்வளவு சுலபமாகச் சத்தியம் செய்வார்கள்.

ஞாயிறு வந்தது. பைண்டிங்காரர் வாட்ச்மேனையும் கூட்டிக்கொண்டு துணைக்கு வந்தார். "நீங்க நடந்துட்டா எனக்கும் நல்லதுதானே அக்கா. என் இடுப்பு தப்பிச்சுரும்" என்றார், பாதி கேலியாக, பாதி நிஜமாக.

மைதான வாசலில் மஞ்சள் சட்டை போட்ட தொண்டர்கள் மஞ்சள் சக்கர நாற்காலிகளை வரிசையாக வைத்துக்கொண்டு நின்றார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு பெரியவர் நொண்டி நொண்டி நடந்து வந்தார்.

"ஏன் பெரியப்பா கஷ்டப்படுறீங்க? இதுல உக்காருங்க, முன் வரிசைக்கே கொண்டு போறோம்!"

பெரியவருக்கு வாயெல்லாம் பல். உட்கார்ந்தார். அடுத்து ஒரு பருமனான அம்மா. அடுத்து மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு தாத்தா. எல்லோரும் நடந்து வந்தார்கள், உட்கார்ந்தார்கள், உருண்டு முன்னால் போனார்கள்.

கமா அக்கா தன் வண்டியை உருட்டிக்கொண்டு அருகில் போனாள். தொண்டரின் முகம் மாறிவிட்டது.

"சொந்த வண்டியா? நீங்க சிறப்புப் பகுதி. கடைசியில, கயிறு கட்டின இடம்."

சிறப்புப் பகுதி கழிப்பறைக்குப் பக்கத்தில் இருந்தது. சொந்த வண்டியில் வந்தவர்கள் அத்தனை பேரும் அங்கேதான். அவளுக்குப் பக்கத்து வண்டியில் ஒரு செல்போன் ரிப்பேர்க்காரர்.

"நீங்க புதுசா?" என்றார் அவர். "நான் ஆரம்பத்திலேருந்து வர்றேன். வரலைன்னா வீட்டுல விடமாட்டேங்கிறாங்க. எனக்கு உள்ளுக்குள்ள குணமாகிட்டிருக்காம். வெளியே தெரிய நாளாகுமாம்."

"மேடைக்கு ஒரு தடவையாவது கூப்பிட்டாங்களா?"

"எங்க கூப்பிடுறது? அந்த மேடையைப் பாருங்க."

கமா அக்கா முன்பே பார்த்துவிட்டாள். எந்த இடத்துக்குப் போனாலும் அவள் கண் முதலில் தேடுவது படியைத்தான். மற்றவர்கள் விளக்கைப் பார்ப்பார்கள், ஜோடனையைப் பார்ப்பார்கள். மேடை ஆள் மார்பு உயரம். ஏறுவதற்கு ஓரத்தில் ஒரே ஒரு வழி, செங்குத்தான மரப்படி. சாய்தளம் கிடையாது. நடக்க முடியாதவர்களை நடக்க வைக்கும் மேடைக்கு நடந்துதான் போக வேண்டும்!

பாட்டு முழங்கியது. ஐயா வந்தார். வெள்ளை உடை, விரித்த கை, வாய் நிறையச் சிரிப்பு. தொண்டர்கள் அந்த நொண்டிப் பெரியவரின் மஞ்சள் வண்டியைப் படிக்குக் கீழே நிறுத்தினார்கள். பெரியவர் எழுந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி ஏறினார். பின்னாலேயே வண்டியைத் தூக்கிப் போனார்கள். மேலே போனதும் அவரை மறுபடி வண்டியில் உட்காரவைத்து நடு மேடைக்குத் தள்ளினார்கள்.

ஐயா விரலை நீட்டினார். "எழு!"

பெரியவர் எழுந்தார்.

மைதானம் அதிர்ந்தது. பெண்கள் அழுதார்கள். மேனேஜர் முன் வரிசையில் துள்ளிக் குதித்தார். இதெல்லாம் இருட்டில் நடக்கவில்லை, திரைக்குப் பின்னால் நடக்கவில்லை. பளிச்சென்ற விளக்கில், அத்தனை பேரும் பார்க்க, அந்த மனிதர் படி ஏறினார். கண்ணை மூடிக்கொண்டு படி ஏறிப் பழகியவர்களுக்குப் படி எங்கே கண்ணில் படப்போகிறது? கமா அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அடுத்து சாட்சி நேரம். மேனேஜரின் மாமியாரை மேடைக்கு அழைத்தார்கள். அந்த அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு திடுதிடுவென்று ஏறிப்போய் நின்றார். "போன வாரம் சக்கர நாற்காலியில் வந்த அம்மா!" என்று ஒலிபெருக்கி அலறியது. அதே நேரம் ஒரு தொண்டர் மைக்கோடு சிறப்புப் பகுதிக்கு வந்தார். இங்கிருந்தும் நாலு நல்ல வார்த்தை வாங்க வேண்டுமே.

"அக்கா, உடம்புல ஏதாவது தெரியுதா? சூடா? சிலிர்ப்பா?"

"தெரியுது. மைக்கைக் குடுங்க" என்றாள் கமா அக்கா. வாங்கியதும் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "மேடையில இருக்கிற அம்மா! நான் உங்க மாப்பிள்ளை ஆபீஸ்ல வேலை பாக்கிறவ. ஒரே ஒரு கேள்வி. போன வாரம் மேடைக்கு எப்படி வந்தீங்க?"

மாமியார் விழித்தார். "இது என்னம்மா கேள்வி? படி ஏறித்தான் வந்தேன்."

"வீல்சேர்ல வந்தீங்கன்னு சொன்னாங்களே?"

"அது வாசல்ல குடுத்த வண்டி. நான் பஸ் ஸ்டாப்புலேருந்து நடந்துதான் வந்தேன். மாப்பிள்ளை ஆட்டோக்குக் காசு குடுக்கலை. முட்டி வலிக்குதேன்னு நின்னேன், உக்காருன்னான் ஒருத்தன், உக்காந்தேன். படிகிட்ட எழுந்திருன்னான், எழுந்தேன். மேல வந்ததும் மறுபடி உக்காருன்னான். அப்புறம் இவரு எழுந்திருன்னாரு. சரி, பெரிய மனுஷன் சொல்றாரேன்னு எழுந்தேன்."

"முட்டி வலி போயிடுச்சா?"

"எங்க போச்சு? இப்பக்கூட விண்ணு விண்ணுங்குது!"

மைதானத்தில் தலைகள் படிப் பக்கம் திரும்பின. எங்கோ ஒரு குரல், "ஆமால்ல, அந்தப் பெரியவரும் ஏறித்தானே போனாரு?" என்றது. "என்னையும் வாசல்லதான் உக்கார வச்சாங்க" என்றது இன்னொன்று. நூறு பேருக்கு ஒரே நேரத்தில் கண் தெரிந்தது. அன்று ஐயாவின் கூடாரத்தில் நடந்த ஒரே வைத்தியம் அதுதான்.

ஐயா சிரிப்பை விடவில்லை. "பிள்ளைகளே, இந்தப் பெண்ணுக்கு நம்பிக்கை குறைவு!"

"குறைவாவே இருக்கட்டும் ஐயா. கீழ இறங்கி வாங்க. சொந்த வண்டியில வந்தவங்க இத்தனை பேர் இருக்கோம். எங்கள்ல யாராவது ஒருத்தரை எழுப்புங்க, நான் வாயை மூடிக்கிறேன்."

"என் சக்தி மேடையில்தான் வேலை செய்யும்!"

"அப்ப நாங்க மேல வர்றதுக்கு ஒரு பலகை போடுங்க!"

"பலகை போடு! பலகை போடு!" என்று கூட்டம் பிடித்துக்கொண்டது. கூட்டத்துக்கு என்ன, காலையில் ஒன்றைக் கத்தும், மாலையில் வேறொன்றைக் கத்தும்.

செல்போன் ரிப்பேர்க்காரர் கயிற்றை அவிழ்த்தார். சிறப்புப் பகுதி மொத்தமும் முன்னால் உருண்டது. கூட்டம் வழி விட்டது. வண்டிகள் எல்லாம் படிக்குக் கீழே போய் நெருக்கியடித்து நின்றன, பிரேக் போட்டுக்கொண்டு.

ஐயா மெல்ல நழுவப் பார்த்தார். படிக்கு வந்தார். படி இருந்தது, இறங்க இடமில்லை. மேடை விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தார், உயரம் பயமுறுத்தியது. திரும்பிப் படிக்கே வந்தார்.

"கொஞ்சம் வழி விடுங்கம்மா. நான் போகணும்."

"நாங்களும் தினம் தினம் இதையேதான் ஐயா கேக்கிறோம்" என்றாள் கமா அக்கா.

யாரோ சொல்லி அனுப்பிப் போலீஸ்காரர்கள் மைதான வாசலுக்கு வந்துவிட்டார்கள். பைண்டிங்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டார். "விளிம்புப் பக்கமா இறக்கிடலாம் வாட்ச்மேன் அண்ணே, நமக்குத்தான் பழக்கம் இருக்கே." இருவரும் விளிம்பைப் பிடித்து மேலே தாவினார்கள். ஐயாவை ஒரு மஞ்சள் நாற்காலியில் அமுக்கி உட்காரவைத்தார்கள். கீழே கை நீட்டியவர்களிடம் நாற்காலியோடு இறக்கினார்கள். பிறகு தோளில் தூக்கிக்கொண்டு போலீஸ்காரர்கள் நின்ற வாசலுக்கு நடந்தார்கள்.

"விடுங்கடா! மானம் போகுது! நான் நடந்தே வர்றேன்!" என்று கத்தினார் எழுப்பி ஐயா.

"சும்மா உக்காருங்க ஐயா, உங்க நல்லதுக்குத்தான் தூக்குறோம்" என்றார் பைண்டிங்காரர். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு அவர் திரும்பிக் கமா அக்காவைப் பார்த்தார். அவர் முகம் சிறுத்துப்போனது. இதே வார்த்தையை அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்!

மேனேஜர் பேச்சைக் காப்பாற்றினார். காப்பாற்றாவிட்டால் மாமியார் விட்டிருக்க மாட்டார். அந்த வாரமே லிப்ட் ஓடியது. கமா அக்கா வீட்டிலிருந்து ஒரு பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் குடித்துக்கொண்டே வந்தாள். கட்டடத்துக்குள் நுழைந்து பொத்தானை அழுத்தினாள். கதவு திறந்தது.

உள்ளே மூச்சு விட இடமில்லை. மேனேஜர், கணக்கர், விளம்பரக்காரர்கள், முதல் மாடிக்குப் போகிறவர்கள், கல்லு மாதிரிக் கால் உள்ள இளவட்டங்கள் என்று எல்லோரும் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நிறைஞ்சுருச்சும்மா" என்றார் மேனேஜர் கனிவாக. "அடுத்த தடவை வா."

கமா அக்கா தன் வண்டியின் முன்சக்கரத்தைக் கதவுக்கு இடையில் வைத்தாள். ஒவ்வொருவர் காலாகப் பார்த்தாள். பிறகு விரலை நீட்டினாள்.

"இறங்கு! நட!"

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். படி ஏறினார்கள். கடைசியாக மேனேஜரும் ஏறினார்.

ஒரு விரல் நீட்டலில் ஒரு லிப்ட் நிறைய ஆட்கள் நடந்தார்கள். இதற்கு மேடை தேவைப்படவில்லை, வசூல் பெட்டி தேவைப்படவில்லை. இரண்டு கால் இருந்தும் மாதக்கணக்கில் நகராமல் உட்கார்ந்திருந்தது அவர்களுடைய மூளைதான். உங்களுடையது எப்படி இருக்கிறது என்று நீங்களும் ஒருமுறை எழுப்பிப் பாருங்கள்.