புள்ளிச்சாமிக்கு சிக்னல் கிடைக்காத நாள்

இந்தக் கதையில் வரும் எண்களை நம்ப வேண்டாம். முப்பத்தோரு வருடம் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து எண்களையே எழுதியவன் நான். ஆனாலும் அந்த மாதத்து எண் இரண்டு புள்ளி நான்கா, இரண்டு புள்ளி மூன்றா என்று இப்போது குழம்புகிறது. அன்று பனி இருந்ததா, அது வேறு ஒரு நாளா என்பதும் சந்தேகம்தான். கூட்டம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. நானும் அதில் நின்றேன்.

மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு முன்னால் இருநூறு பேர் கூடுவார்கள். இதே மலையில் இருக்கும் கம்போங் ராஜாவிலிருந்து பூந்தோட்டக்காரர்கள் வருவார்கள். லெம்பா பெர்த்தாமிலிருந்து காய்கறி லோரிகள் வரும். தானா ராத்தா டவுன் கடைக்காரர்கள் காருக்குள்ளேயே செருப்பைக் கழற்றிவிட்டு பக்தியோடு இறங்குவார்கள். வங்காளதேசத்துத் தொழிலாளிகள் ஓரமாக நிற்பார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எண் தெரியும்.

யாரும் பிள்ளை வரம் கேட்க வரவில்லை. பேய் ஓட்டவும் வரவில்லை. நாட்டின் பணவீக்கம் எத்தனை விழுக்காடு என்று தெரிந்துகொள்ள வந்தார்கள்.

அதைச் சொன்னவர் புள்ளிச்சாமி. இயற்பெயர் திருச்செல்வம். முன்பு ஈப்போவில் வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்றவர் என்று பிற்பாடு தெரிந்தது. வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, குளிருக்குக் கம்பளிச் சட்டை. உடுக்கை அடிக்க அடிக்க உடம்பு ஆடும். பிறகு உடுக்கை நிற்கும். இருநூறு பேர் மூச்சை அடக்கியிருக்கும்போது அவர் சொல்வார்: "ரெண்டு... புள்ளி... ஆறு."

ராத்திரி தொலைக்காட்சிச் செய்தியில் அதே எண் வரும். புள்ளிக்குப் பின்னால் இருப்பதும் பிசகாது. அதனால்தான் அந்தப் பெயர். மற்ற சாமிகள் 'நல்ல காலம் பிறக்கும்' என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்த நாட்டில், தசமத்தோடு சொன்ன முதல் சாமி இவர்தான்.

எங்கள் ஆட்கள் முட்டாள்கள் என்று நினைக்கக் கூடாது. தராசுக்கு முன்னால் நின்று வளர்ந்தவர்கள். கொழுந்து மூட்டையைத் தூக்கி வைத்தால் முள் ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண்தான் அன்றைய கூலி. எடை போட்டவர் சொன்ன எண்ணை எதிர்த்துக் கேட்டு யாருக்கும் பழக்கமில்லை. ஒருவர் எண்ணைச் சொல்கிறார், அதுவும் புள்ளி வைத்துச் சொல்கிறார் என்றால், அவர் ஏதோ ஒரு தராசைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார் என்று நம்பினோம். யோசித்துப் பார்த்தால் அதில் தப்பும் இல்லை. எந்தத் தராசு என்றுதான் நாங்கள் கேட்கவில்லை.

இத்தனை இடம் இருக்க, ஏன் இந்தப் பள்ளத்துக் கோயிலைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். இங்கே அலைகளின் தொந்தரவு இல்லை என்றார். உண்மைதான். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கைபேசிக்கு சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி வடக்கு மூலையில் நின்றால் ஒரு கோடு வரும், போகும்.

எண்ணைச் சொன்ன பிறகு சாமி அதற்கு அர்த்தமும் சொல்வார். எண் இறங்கினால் விலை இறங்கும். ஆகையால் இப்போது எதையும் வாங்காதே, காத்திரு. காத்திருக்கும் காலத்தில் அரிசி டின்னில் விலைக்கயிறு கட்டு. கயிறு இருபத்தொரு வெள்ளி, அதாவது ரிங்கிட். விலை இறங்காவிட்டால் இன்னொன்று கட்டு.

இந்த மகிமையை நாடறியச் செய்தவர் ஜெகதீஸ்வரன் என்ற நிருபர். மலைக்கும் அடிவாரத்துக்கும் சேர்த்து ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு அவர்தான் எழுதினார். 'மத்திய வங்கிக்கும் முன்னால் அறிந்த மலைச்சாமி' என்பது அவர் போட்ட தலைப்பு. அதே பக்கத்தின் மூலையில் 'பணவீக்கம் குறைந்தது' என்று நாலு வரி வரும். அந்த நாலு வரிக்கு என்ன அர்த்தம் என்று வாசகர்கள் அவரிடம் கேட்டால், சாமியின் படத்தைக் காட்டுவார்.

இனி தவமலர். எங்கள் தோட்டத்தில் கொழுந்து வெட்டுகிறவள். அவளுடைய புருஷன் ஆண்டியப்பன், லெம்பா பெர்த்தாமில் அரை ஏக்கர் வாடகைக்கு எடுத்துத் தக்காளி போட்டிருந்தான். தக்காளிக்கு மேலே பிளாஸ்டிக் கூரை வேண்டும். இந்த மலையில் மழை பட்ட தக்காளி பழுக்காது, அழுகும். அவனுடைய கூரை மூன்று வருடப் பழசு, அங்கங்கே கிழிந்திருந்தது. பெருமழைக்கு அப்போது இன்னும் நாலு மாதம். புதுச் சுருள்கள் வாங்கப் பணம் கையில் தயாராக இருந்தது.

வாங்கவில்லை. சாமி காத்திரு என்றார்.

மூன்று மாதம் காத்திருந்தான். எண் ஒவ்வொரு மாதமும் இறங்கியது. சுருளின் விலை ஒவ்வொரு மாதமும் பதினைந்து வெள்ளி ஏறியது. அவன் ஆச்சரியப்பட்டானே தவிர, சந்தேகப்படவில்லை. தவமலர் கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். படிச்ச ஆளுங்களே அங்கே கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க, நீ என்ன பெரிய மேனேஜரா என்று அவன் கேட்டானாம். படித்த ஆள் என்று அவன் சொன்னது என்னைத்தான்.

மூன்றாவது மாதம் அவளுக்குப் பல் வலி. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய், தன் முறைக்காகக் காத்திருந்த நேரத்தில் கைபேசியைப் பார்த்திருக்கிறாள். நேரம் பன்னிரண்டரை. திரையில் செய்தி ஓடியது: பணவீக்கம் 2.4. வீங்கிய கன்னத்தோடு தோட்டத்துக்குத் திரும்பி, ஐந்து மணிக்குக் கூட்டத்தில் வந்து நின்றாள். சாமி ஆடினார். இரண்டு புள்ளி நான்கு என்றார். எல்லோரும் கை கூப்பினார்கள். அவளும் கூப்பினாள்.

மறுநாள் என்னிடம் வந்து சொன்னாள். என் வீட்டு அரிசி டின்னில் அப்போது இரண்டு கயிறுகள் இருந்தன.

இந்த எண் எந்தத் தேதியில் வரும் என்று அரசாங்கம் வருடத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறது. முனி அருள் பாலிக்கும் தேதியும் மாதம் தவறாமல் அதுவாகவே இருந்தது. இதை நான் கவனித்திருக்க வேண்டும். தானா ராத்தா கடைக்காரர்களுக்கு நாள் முழுக்க சிக்னல் உண்டு. அவர்கள் அதில் சமையல் காணொளி பார்த்தார்கள்.

தவமலர் யாரிடமும் வாக்குவாதம் செய்யவில்லை. அடுத்த அருள்வாக்கு நாளில் சாமிக்குச் சிறப்புச் செய்யப் போவதாகப் பெண்களைத் திரட்டினாள். கொழுந்துத் தராசில் சாமியை உட்காரவைத்து, எடைக்கு எடை அரிசி. வழக்கமாக நாலரைக்கு வந்து சேரும் சாமி அன்று காலை ஒன்பதிலிருந்து வாக்கு முடியும்வரை எங்களோடுதான் இருக்க வேண்டும், அரிசி வாக்குக்குப் பிறகு. செய்தி போனதும் சாமி ஒப்புக்கொண்டார். உள்ளூர் அரிசியா, இறக்குமதி அரிசியா என்று மட்டும் கேட்டனுப்பினார்.

அன்று காலை தராசில் உட்கார்ந்தார். தொண்ணூற்று நாலு கிலோ. கைதட்டினார்கள். அவரைச் சுற்றி அரிசி மூட்டைகளை அடுக்கினார்கள். பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் வெளியே போய்விட்டு வருவதாக எழுந்தார். பெண்கள் ஆறு பேர் தண்ணீர்ச் செம்போடு மரியாதையாகக் கூடவே போனார்கள். ஒரு மணிக்கும் எழுந்தார். இரண்டு மணிக்கும். வயிறு சரியில்லையோ என்று மாரியம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள். அவள் சாமியின் முதல் பக்தை, ஏழு கயிறு.

மூன்று மணிக்கு முனி தன்னை உயரமான இடத்துக்கு அழைக்கிறது என்றார். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினார். காவித் துணியில் சுற்றிய எதையோ வானத்தை நோக்கி நீட்டினார். வடக்கே நீட்டினார், கிழக்கே நீட்டினார், குதிகாலைத் தூக்கிக்கொண்டு நீட்டினார். கீழே நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பனி இறங்கியிருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஒரு கோடுகூட வரவில்லை.

ஐந்து மணிக்கு உடுக்கை அடித்தார்கள். சாமி வழக்கத்தைவிட அதிக நேரம் ஆடினார். முந்தைய மூன்று மாதமும் எண் இறங்கியிருந்தது. அவரும் அந்தப் பாதையிலேயே இறங்கினார்.

"ரெண்டு... புள்ளி... ஒண்ணு."

தவமலர் ஜெகதீஸ்வரன் பக்கம் திரும்பினாள். அவர் 'மீண்டும் பலித்தது' என்று தலைப்பு எழுதி, எண்ணுக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தார்.

"தம்பி, இந்த நம்பர் உங்க பேப்பருக்கு எப்படி வருது?"

"ஈமெயில்லதான்க்கா. மத்தியானம் அனுப்பிடுவாங்க."

"இன்னைக்கு வந்திருக்கா?"

"வந்திருக்கும். டவுன்ல இருக்கறப்போ டிங்குன்னு சத்தம் கேட்டுச்சு."

"தொறங்க."

திறந்தார். படித்தார். மறுபடி படித்தார். பிறகு, ஏதோ கெட்ட செய்தி சொல்வதுபோல, இரண்டு புள்ளி ஏழு என்றார்.

"போன மாசத்தையும் தொறங்க. அது எத்தனை மணிக்கு வந்துச்சு?"

"பன்னெண்டு மணி ரெண்டு நிமிஷம். நம்பர் ரெண்டு புள்ளி நாலு. அதுக்கு முன் மாசமும் பன்னெண்டுக்குத்தான்க்கா." அவருடைய குரல் இறங்கிக்கொண்டே போனது. "நான் ஆபீசுக்கு ஃபார்வர்ட் பண்ணிடுவேன். படிக்க டைம் இருக்காதுலா."

ஐந்து மணிக்கு நடந்த அற்புதம் எல்லாம், மாதம் தவறாமல், ஐந்து மணி நேரத்துக்கு முன்பே அந்த மனிதரின் சட்டைப் பையில் இருந்திருக்கிறது.

சாமி அசரவில்லை. அரசாங்கம் சொன்னது பொய், முனி சொன்னதே மெய் என்றார். கூட்டத்தில் பாதித் தலைகள் ஆடின. அரசாங்கம் பொய் சொல்கிறது என்று யார் சொன்னாலும் எங்கள் பக்கத்தில் பாதித் தலைகள் ஆடும். போன மூன்று மாதமும் அரசாங்கமும் முனியும் ஒரே பொய்யைச் சொன்னார்களா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் கேட்கவில்லை.

தவமலர் அதோடு விட்டிருக்கலாம். ஆண்டியப்பன் இன்னும் சாமியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அந்த முகம்தான் கவலை. கோயிலுக்குப் பக்கத்திலேயே தேயிலைச் செடிகள். ஒரு செடியின் தலையில் கை வைத்துக்கொண்டு மாரியம்மாவைக் கேட்டாள்.

"அக்கா, போன ரவுண்டு வெட்ட வந்தப்போ இது எவ்வளவு ஏறியிருந்துச்சு?"

"நாலு விரல்."

"இந்த ரவுண்டு?"

"வெயில் ஜாஸ்திலா. ரெண்டு விரல்தான்."

"வளர்றது குறைஞ்சு போச்சு. செடி குட்டையாயிடுச்சா?"

"அது எப்படிடி குட்டையாகும்? மெதுவா ஏறுது, அவ்வளவுதான்."

"அந்த நம்பரும் அதான்க்கா. விலை எவ்வளவு வேகமா ஏறுதுன்னுதான் சொல்லுது. நம்பர் இறங்குனா விலை மெதுவா ஏறும். ஏறத்தான் செய்யும்."

மாரியம்மா குனிந்து விரலால் அளந்து பார்த்தாள். மற்ற பெண்களும் பார்த்தார்கள். இருபது, முப்பது வருடமாக அந்தச் செடியை வெட்டியவர்கள். எந்தப் பொருளாதார நிபுணரும் அவர்களுக்கு இதைச் சொல்லவில்லை, எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. ஆனால் கை வைத்துப் பார்க்கும் தூரத்தில்தான் அது இருந்தது.

ஆண்டியப்பன்தான் முதலில் வாயைத் திறந்தான். "அப்போ விலை எப்பத்தான் இறங்கும்?"

"இறங்கும்னு யாரு சொன்னா?"

அவன் சாமியைப் பார்த்தான். சாமி அரிசி மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்டியப்பன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனான். பிளாஸ்டிக் கடை ஆறு மணிக்கு மூடிவிடும்.

பிறகு என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். ஏறியிருந்த விலைக்கு ஆண்டியப்பனின் பணம் மூன்று பாத்திகளில் இரண்டுக்குத்தான் பிளாஸ்டிக் தந்தது. பன்னிரண்டாம் நாள் மழை வந்தது. இரண்டு பாத்தி பிழைத்தது, ஒன்று அழுகியது. தவமலர் அதைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவன் அதற்குப் பதில் திட்டே வாங்கியிருக்கலாம் என்றான். அரிசியை அவரவர் வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். மாரியம்மா ஏழு கயிறுகளையும் சேர்த்து முறுக்கித் துணி காயப்போடுகிறாள். புள்ளிச்சாமி அன்றிரவே இறங்கிவிட்டார். இப்போது கடலோரத்தில் எங்கோ தங்கம் விலை சொல்கிறாராம். அங்கே சிக்னல் நன்றாக இருக்கிறதாம், கூட்டமும் அதிகமாம். ஜெகதீஸ்வரன் 'மலைச்சாமியின் மோசடி: நமது நிருபர் அம்பலப்படுத்தினார்' என்று முதல் பக்கத்தில் எழுதினார். அதே பக்கத்தின் மூலையில் 'பணவீக்கம் உயர்ந்தது' என்று நாலு வரி வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அதில் எழுதவில்லை. என் இரண்டு கயிறுகளையும் அவிழ்த்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன், படித்தவன் என்று யாராவது சொல்லும்போது பார்த்துக்கொள்ள.

அந்த எண் இப்போதும் மாதாமாதம் மத்தியானத்தில் வருகிறது. உடுக்கை வேண்டாம், கயிறு வேண்டாம், காசும் வேண்டாம். படிக்கத்தான் ஆளைக் காணோம்.