நிறம் மறைந்தது, வாசனை மறையவில்லை

மதிப்பிற்குரிய அக்காவுக்குத் தம்பி வணக்கத்துடன் எழுதுவது.

நாங்கள் சுகம். நீயும் அத்தானும் சுகமாகவே இருப்பீர்கள். நீ எங்களுக்கு அனுப்புகிற டப்பாக்களை நீங்கள் சாப்பிடுவதில்லை அல்லவா.

பாப்பாவின் ஆட்டிசத்துக்காக உன் வாட்ஸ்அப் குழுவில் விசாரித்து நீ அனுப்பிய மீன் எண்ணெய், வைட்டமின் பொடி, வாயில் நுழையாத பெயருள்ள மற்றதெல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன. “இதக் குடுத்துப் பாரு, அவளே வாயத் தொறந்து வேணும்னு கேப்பா” என்று போனில் சொன்னாய். டிவி விளம்பரங்களை வரி பிசகாமல் ஒப்பிக்கிறவள், எங்களிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை என்பதால் நானும் நம்பித் தொலைத்தேன். டாக்டரோ, “ரத்தத்துல ஒரு குறையும் இல்ல. அவ சாப்பிடறதுல கை வைக்காதீங்க” என்றார். உன் அளவுக்கு அவருக்கு அனுபவம் போதாது என்று விட்டுவிட்டேன்.

பாப்பா சாப்பிடுவது ஐந்தே பண்டம். நானோ பெயிண்ட் கடையில் நிறம் கலக்குகிறவன். பழைய பூச்சு எங்கே முடிகிறது, புதுப் பூச்சு எங்கே தொடங்குகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாதபடி கலந்து கொடுக்கிறவனுக்கு ஒரு கரண்டி பொடி எம்மாத்திரம் என்ற திமிரில், மசித்த உருளைக்கிழங்கில் அதைக் கலந்து, பால் ஊற்றி நிறத்தை இறக்கினேன். உன் தம்பி பெண்டாட்டியே ஏமாந்துபோனாள். பாப்பா முகர்ந்தாள், தட்டைத் தள்ளினாள், அன்றோடு உருளைக்கிழங்குக்கு முழுக்கு. சரியென்று பாலில் கலந்தேன், பால் போயிற்று. வாழைப்பழத்தில் மீன் எண்ணெய் தடவினேன், வாழைப்பழம் போயிற்று, பக்கத்து வீட்டுப் பூனை எங்களோடு குடிவந்துவிட்டது. கோதுமை ஆகாது என்றாயே, அதற்காகக் கோதுமையில்லாத ரொட்டியை வாங்கி, அவள் வழக்கமாகத் தின்னும் ரொட்டியின் உறையில் போட்டு வைத்தேன். எனக்கே செங்கல்லைக் கடித்த மாதிரி இருந்தது. இப்போது உறையைக் கண்டாலே அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். மிச்சம் வெறும் சோறு.

அதுவும் போனால் என்னத்தைக் கொடுப்பேன் அக்கா? முன்பெல்லாம் நான் ஊட்டினால் பார்க்காமலே வாயைத் திறப்பாள். இப்போது என் கையை முகர்ந்துவிட்டுத்தான் சோற்றுக்கு வருகிறாள். வெட்கமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. உன் காலில் விழுந்து கேட்கிறேன், இனி ஒரு டப்பாகூட அனுப்பாதே. வந்தால் பிரிக்காமல் திருப்பிவிடுவேன்.

நீயும் அத்தானும் எதையும் முகர்ந்து பார்க்காமல் சாப்பிடும் பாக்கியத்தோடு நெடுநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் கடைசி டப்பாவைக் குப்பையில் கொட்டினேன். அதன் நீல மூடியைப் பாப்பா எடுத்துத் தரையில் சுழற்றினாள். பம்பரம் கெட்டது, அப்படிச் சுற்றியது. பிறகு என்னிடம் வந்து, என் கையைப் பிடித்து, “இன்னொண்ணு” என்றாள். என்னிடம் கேட்டாள் அக்கா. நான் அழுதுவிட்டேன். பொடியில் ஒரு சிட்டிகைகூட அவள் வயிற்றுக்குள் போகவில்லை. ஆனாலும் பொடியால்தான் கேட்டாள் என்று நீ குழுவில் எழுதிக்கொள், நான் மறுக்க மாட்டேன். உடனே இரண்டு டப்பா அனுப்பு. உள்ளே எது இருந்தாலும் சரி, மூடி நீலமாக இருக்கட்டும்.