வராதவர் நகர்த்திய சிப்பாய்

பேய்க்கதை சொல்லுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு கதவைக் கூடுதலாகத் திறந்துவிடுவார்கள். ஆதலால் நானே கண்டதையும், பின்னர் விசாரித்து உறுதி செய்துகொண்டதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

எங்கள் சதுரங்கக் கழக அணியில் ஓர் இடமே எஞ்சியிருந்தது. அதற்காக நானும் சுங்கை பெசாரில் உணவகம் நடத்தும் ஜமாலும் புக்கிட் செந்தோசாவில் ஒரு மண்டபத்தில் மோத வேண்டும். குறித்த நேரத்துக்குள் அவர் வராவிட்டால், ஆடாமலேயே இடம் எனக்கு. (வரவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன், இதுவும் உறுதி செய்யப்பட்ட தகவலே.)

மாலை மழை பிடித்துக்கொண்டது. நடுவர் மாறன், வெள்ளைக் காய்களுக்குரிய ஜமாலின் கடிகாரத்தை ஓடவிட்டு, மற்றவர்களோடு வராந்தாவில் மீ கோரேங் சாப்பிடப் போனார். மண்டபத்தில் நான் மட்டும். இடி இடித்தது, மின்சாரம் போயிற்று. இருட்டில், கடிகாரப் பொத்தானை யாரோ அழுத்தும் ஓசை கேட்டது.

விளக்கு எரிந்தபோது எதிர் நாற்காலி காலியாகவே இருந்தது. ஆனால், வெள்ளை ராஜாவுக்கு முன் நின்ற சிப்பாய் இரண்டு கட்டம் முன்னேறியிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது என் கடிகாரம்.

அறிவுள்ளவள் எழுந்து ஓடியிருப்பாள். நானோ அந்தத் தொடக்கத்துக்கென்றே வாரக்கணக்கில் சிசிலியன் தற்காப்பை உருப்போட்டவள். கை தானாக நீண்டு கறுப்புச் சிப்பாயை நகர்த்தி, பொத்தானையும் அழுத்திவிட்டது. சரியான பதில் என்ற திருப்தி வேறு. முதுகு சில்லிட்டது அதன் பிறகுதான்.

ஜமால் வந்தபோது குறித்த நேரம் கடந்திருந்தது. என் வெற்றியை அறிவிக்க வந்த மாறன் பலகையைப் பார்த்தார்.

"ஆட்டம் ஆரம்பிச்சிருச்சே லா."

"நான் இப்பதான் உள்ள வர்றேன் அண்ணே," என்றார் ஜமால்.

"அப்ப அக்கா யாரு கூட ஆடுனீங்க?" என்று மாறன் என் பக்கம் திரும்பினார்.

இடம் வேண்டுமானால், காலி நாற்காலியோடு ஆடினேன் என்று கழகம் முழுவதற்கும் முன்னால் சொல்லியாக வேண்டும்.

"பரவால்ல தம்பி, இதுலேர்ந்தே ஆடுவோம்," என்றேன் ஜமாலிடம்.

ஜமால் நாற்காலியைத் தொட்டுக் கையை இழுத்துக்கொண்டார். "ஈரமா இருக்கே அக்கா."

"நீங்கதான் நனைஞ்சு வந்திருக்கீங்க."

"நான் இன்னும் உக்காரவே இல்லியே."

என் சிசிலியன் சீக்கிரமே சிதைந்தது. இடம் அவருக்குப் போயிற்று. "நான் எப்பவும் குதிரையதான் முதல்ல நகர்த்துவேன். இதுவும் நல்லாத்தான் இருக்கு," என்று என்னிடமே சொன்னார்.

இப்போதும் நான் வீட்டில் தனியே பலகையை விரித்தால், என் மகள் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவாள். "அம்மா, அவங்களுக்கும் தேத்தண்ணி கலக்கட்டுமா?"

மின்சாரம் போனபோது எல்லாரும் வராந்தாவில்தான் இருந்தனர். மண்டபத்துக் கூரையில் ஒழுக்கு இல்லை. அந்தச் சிப்பாயை நகர்த்தியவர் யாரென்று எனக்குத் தெரியவில்லை.