இரண்டால் பெருக்கிய வீடு

அன்புள்ள தங்கைக்கு, அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சௌக்கியம். அவளுடைய மூட்டுவலி எங்கள் இருவரையும்விடச் சௌக்கியம்.

கணக்கு டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாய், தனியாக இருக்காதே, புது வீடு கட்டுகிறேன், எங்களோடு வந்து இரு என்றேன். "அங்க எனக்கு எடம் ஏது அண்ணா?" என்று போனை வைத்துவிட்டாய். எனக்கு மனசே ஆறவில்லை.

நாம் வளர்ந்த வீட்டை, கேட் மூலையை ஆதிப்புள்ளியாக வைத்து, கட்டத்துக்கு ஓர் அடியாக கிராஃப் தாளில் வரைந்து கொடுத்தாயே, அதைத் தேடியெடுத்து, எல்லா எண்களையும் இரண்டால் பெருக்கி, காலி மனையில் கொத்தனாரைச் சுண்ணாம்புக் கோடு போடச் சொன்னேன். நாலு, ஆறில் இருந்த வாசல்படி எட்டு, பன்னிரண்டுக்கு நகர்ந்தது, கூடம் அதற்கும் அப்பால் போனது, சமையலறை அடுத்த மனைக்கே குடிபோய்விட்டது. "வீடு பெருசானது சரி சார், கேட்டை விட்டு ஏன் இப்படி ஓடுது?" என்கிறார் கொத்தனார். அடுத்த மனைக்காரர் கோட்டுக்குள் வந்து நின்று, "எங்க எடத்துல சமைக்கிறீங்க, ஒரு காபியாவது குடுங்க" என்கிறார். உன் அண்ணியோ, "குளியலறைல பந்து விளையாடலாம், யாரு கழுவுறது?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பழைய வீட்டில் சமையலறைக்குப் போகும் இடைவழி ஞாபகமிருக்கிறதா? எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்னால் போயாக வேண்டும். "அண்ணன்தான் விட்டுக்குடுக்கணும்" என்று இடுப்பில் கைவைத்து நிற்பாய். நானும் நகரமாட்டேன். அம்மா வந்து இரண்டு பேரையும் விரட்டுவாள். நேற்று அந்தச் சுண்ணாம்பு இடைவழியில் நடந்து பார்த்தேன். எதிரே வந்த உன் அண்ணி என் மேல் படாமலே போய்விட்டாள். எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

எந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு பெருக்கினால் வீடு ஓடாது என்று உடனே எழுது. இரண்டு மடங்கு வீடு இல்லாமல் உன்னை மறுபடி கூப்பிட எனக்கு முகமில்லை. பெரிய மனை கிடைக்கும்வரை பெட்டி கட்டாதே.

அப்பா அம்மாவின் ஆசி உன் கூடவே இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போன நேரத்தில் சர்வேயர் வந்து எல்லைக்கல் நட்டார். மனை நான் நினைத்ததைவிடச் சின்னது. பழைய வீட்டை முக்காலால் பெருக்கினால்தான் உள்ளே அடங்குமாம். இடைவழி அப்போதையதைவிடக் குறுகல். நீ சொன்னதுபோல் இடமில்லைதான். பெட்டியைக் கட்டு. இந்தத் தடவை அண்ணனே பின்னால் போகிறேன்.