ரத்தக்காது ஐயாவின் காது

மாடிப்படி தாண்டி, வராந்தா தாண்டி, தெருவரை வரிசை நீண்டிருந்தது. மேலே ரத்தக்காது ஐயா இருந்தார். மூளையில் தலைமுடியைவிட மெல்லிய குழாய்களில் ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்டே அடைப்பைச் சொல்லிவிடுவாராம். வைத்தியம் படிக்கவில்லை. படித்தால் காது மந்தமாகிவிடுமோ என்னவோ!

நடுவில் திரை. இந்தப் பக்கம் நாற்காலி, செம்புத் தொப்பி. தொப்பியிலிருந்து ஒரு கம்பி திரைக்குள் போகும். அந்தப் பக்கம் ஐயா கம்பியைக் காதில் வைத்துக் கண்ணை மூடியிருப்பார். தொப்பி மாட்டியவர் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் ரத்தம் கலைந்துவிடும்!

அங்கே வாடிக்கையாக வந்தவர்களில் ஒரு தையல்காரரும் உண்டு. சில மாதங்களாகவே அவர் பழைய ஆளாக இல்லை. கோட்டுக்கு அளவெடுப்பார், அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கத்திரிக்கோலோடு நிற்பார். பேச்சு மெதுவாகிவிட்டது. கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல் நடந்தார்.

"பல வருஷ ரத்தக்கொதிப்பு மூளையோட சின்னக் குழாய்களைக் கெடுத்திருக்கு. மாத்திரையை விடாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"மாத்திரை போட்டா எனக்கு ரத்தம் கேக்காது. நிறுத்து" என்றார் ஐயா. தையல்காரர் நிறுத்திவிட்டார்.

அவருடைய தங்கை பஸ் கண்டக்டர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடிப்பவள்.

"அண்ணே, காலையில கீழ விழப் பாத்தியே. மாத்திரையைப் போடேன்."

"ஐயா கோவிச்சுப்பாரும்மா. கத்திரி மறுபடி என் கைக்கு... படிஞ்சா போதும். படிய வெக்கறேன்னாரு."

தங்கை மேற்கொண்டு வாதாடவில்லை. தையல் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் கோட்டுப் போட்டு நின்ற பொம்மையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அண்ணனோடு கிளம்பினாள்.

அவர்கள் முறை வந்ததும் பொம்மையை நாற்காலியில் சாய்த்துத் தொப்பியை மாட்டினாள். வரிசை வாயைப் பிளந்தது.

"எங்கண்ணனுக்குப் பதிலா வந்திருக்காரு" என்று வரிசையைப் பார்த்துக் கிசுகிசுத்தாள். "இவரு பேச மாட்டாரு. நீங்களும் கொஞ்சம் பேசாம இருங்க."

திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஆஹா, கேக்குது! கோபக்கார ரத்தம். வலப்பக்கம் ஒரே அடைப்பு. திருட்டுத்தனமா மாத்திரை வேற முழுங்கியிருக்காரு! நல்ல மூளைதான். யோசிச்சு யோசிச்சே தேஞ்சுபோச்சு."

ஒரு கிழவர் பொத்திய வாயை மீறிச் சிரித்துவிட்டார். தங்கை திரையை இழுத்தாள். ஐயா கண்ணைத் திறந்தார். பொம்மை அவரைப் பார்த்துப் புன்னகைத்தது. அதன் தலையைத் திருகிக் கழற்றி நீட்டினாள்.

"உள்ள பாருங்கய்யா. எந்தக் குழாய்ல அடைப்பு?"

"அது... சூட்சும மூளை..."

"யோவ், காலி மண்டைக்கே இவ்வளவு கேட்டுச்சுன்னா எங்களுக்கு என்னய்யா கேட்டே?" என்று வரிசையிலிருந்து ஒருவர் பாய்ந்தார். ஐயா கம்பியைக் காதோடு இழுத்துக்கொண்டு பின்படியில் இறங்கி ஓடினார்.

எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் தையல்காரருக்குச் சிரிப்பு வந்தது. மெதுவாக வந்தாலும் சொந்தச் சிரிப்பு. வீட்டுக்குப் போனதும் தானே மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். போனதெல்லாம் திரும்பும் என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். இப்போது கடையில் அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "அடுத்தது கோட்டுக் கைங்க" என்பார். அவர் வெட்டுவார்.

அன்று கூட்டம் கலைந்தபோது வரிசையில் நின்ற ஒருவர் தங்கையிடம் கேட்டார்: "ஏம்மா, நம்பகமான வேற ஐயா யாராவது இருக்காரா?"

குழாய் கெட்ட மூளைக்காவது மாத்திரை இருக்கிறது. நன்றாக ஓடும் மூளையை நிறுத்தி வைத்திருப்பவர்களே, உங்களுக்கு எந்தக் கடையிலும் மருந்து இல்லை. நீங்களேதான் ஓட்டிப் பார்க்க வேண்டும்!