இரண்டு தடவை கூட்டிய அரை மணி

காஜா பேராங், மலாக்கா
9 செப்டம்பர் 2007

சிரம்பானில் வசிக்கும் மதிப்பிற்குரிய திரு மாணிக்கவாசகம் அவர்களுக்கு,

இங்கு யாவரும் சுகம். தாங்களும் தங்கள் தாயாரும் சுகமாயிருக்க வேண்டுமென்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். மாப்பிள்ளை என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அந்த உரிமையைப் போன திங்கட்கிழமை போனில் நானே தொலைத்துவிட்டேன். மறுபடி கூப்பிட்டால் போனை வைத்துவிடுவீர்களோ என்ற பயத்தில்தான் கடிதம். கிழிப்பதற்கு முன்னால் எப்படியும் நாலு வரி படிப்பீர்கள். "ரஜ்ஜு தட்டுகிறது, என் தங்கை கமலவேணியை உங்களுக்குக் கொடுப்பதற்கில்லை" என்று அன்றைக்குப் பெரிய மனுஷன் குரலில் சொன்னேன் அல்லவா? தட்டியது ரஜ்ஜு இல்லை, என் மூளை.

நான் புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவில் இருப்பவன். வீட்டில் ஓய்வு நேரத்தில், பத்து வருஷமாக, ஜாதகம் கணிக்கும் ஒரு லைப்ரரி எழுதி வருகிறேன். அதாவது மற்ற புரோகிராம்கள் கூப்பிட்டுப் பயன்படுத்திக்கொள்ளும் கணக்குத் தொகுப்பு. மலாக்காவில் நாலு கல்யாணத் தரகர்கள் அதை நம்பித்தான் பிழைக்கிறார்கள் என்று பீற்றிக்கொள்வேன். உண்மையில் இரண்டு பேர், அதில் ஒருவர் என் சித்தப்பா. பிறந்த நேரத்தைக் கொடுத்தால் அதை உலக நேரத்துக்கு மாற்றித் தரும்படி லைப்ரரி ஓப்பரேட்டிங் சிஸ்டத்தைக் கேட்கும், அப்புறம்தான் நட்சத்திரம் பார்க்கும். இப்போது புது சிஸ்டம் போட்டதும் மஞ்சள் மஞ்சளாகப் பதினேழு எச்சரிக்கை: நீ கூப்பிடுகிற ஃபங்ஷன்கள் பழசாகிவிட்டன, அடுத்த வெளியீட்டில் எடுத்துவிடுவோம், புதுசைக் கூப்பிடு. ஐம்பதாவது மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு மூன்று நாள் லீவு. நானும் மெர்டேக்கா வருஷத்துப் பிள்ளை, பதினேழு வெள்ளைக்காரனையும் கப்பலேற்றாமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன், வாசலில் கொடி கட்டக்கூட எழுந்திருக்கலை. எல்லாம் மாற்றி முடித்து, என் இரண்டு பையன்கள் ஜாதகத்தையும் போட்டுப் பார்த்தேன், அச்சுப் பிசகாமல் வந்தது. ஓர் எச்சரிக்கை கிடையாது. மனைவி ஜெயாவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். "ஒண்ணுமே இல்லையேங்க" என்றாள். "அதாம்மா சாதனை" என்றேன்.

அத்தோடு கையை வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆறாம் மாசமே பொருத்தம் பார்த்து, நீங்களும் வந்து பெண் பார்த்து, உங்கள் தாயாரும் கமலவேணியின் தலையைத் தடவிவிட்டுப் போன பிறகு, எந்தக் கிறுக்கனாவது மறுபடி பொருத்தம் பார்ப்பானா? நான் பார்த்தேன். புது லைப்ரரியின் அழகைப் பார்க்கத்தான் பார்த்தேன். ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை என்று வந்தது. யோசிச்சேனா? மெஷின் பொய் சொல்லாதுன்னு உடனே உங்களுக்குப் போன். வியாழக்கிழமை ஜெயா, "நம்ம ரெண்டு பேர் ஜாதகத்தையும் போடுங்க பார்ப்போம்" என்றாள். போட்டேன். எங்களுக்கும் ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை, கழுத்து ரஜ்ஜுவிலேயே இடிக்கிறது, மனைவி உயிருக்கே ஆகாதாம். "இருபத்திரண்டு வருஷமா நான் ஆவியாவா உங்களுக்குச் சோறு போடுறேன்?" என்று கரண்டியோடு நின்றாள். அலாமாக்! அப்போதுதான் புத்தி வந்தது. எண்பத்திரண்டு ஜனவரியில் நம்ம நாட்டுக் கடிகாரத்தையெல்லாம் அரை மணி முன்னால் தள்ளி வைத்தோமே, ஞாபகம் இருக்கா? பழைய ஃபங்ஷனுக்கு அந்தக் கதை தெரியாது, அதனால் அதற்கு முன் பிறந்தவர்களுக்கு நானே கையால் அரை மணி கூட்டி வைத்திருந்தேன். புது ஃபங்ஷன் விவரமானது, தானே கூட்டிவிட்டது. அதன் மேல் நானும் கூட்டினேன். பையன்கள் எண்பத்தாறு, எண்பத்தொன்பதில் பிறந்தவர்கள், அவர்களுக்குக் கூட்டலே இல்லை, தப்பித்தார்கள். எழுபதில், சித்திரை நட்சத்திரம் முடிகிற நேரத்தில் பிறந்த என் தங்கையை இழுத்துக்கொண்டு போய்ச் சுவாதியில் தள்ளினேன். உங்கள் திருவோணத்துக்கும் சுவாதிக்கும் ஒரே ரஜ்ஜு, சேர்க்கக் கூடாது. முடிஞ்சது கதை.

ஐயா, அவளுக்கு முப்பத்தேழு வயசு. அம்மா படுக்கையில் கிடந்த ஆறு வருஷமும் பார்த்துக்கொண்டது அவள்தான். நான் ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போன அண்ணன். உங்களைப் பார்த்த பிறகுதான் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது, அதையும் நான் நிறுத்தினேன். வெட்கமாயிருக்கு, சோறு இறங்கலை. என்னை என்ன வேணுமானாலும் திட்டுங்க. அவளை மட்டும் வேண்டாம்னு சொல்லிடாதீங்க.

தங்கள் தாயாருக்கு என் நமஸ்காரம். எல்லா நலமும் தங்களைச் சேரட்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்தபடி,
பொன்னுதுரை

பி.கு.: எழுத்துப் பிழை பார்க்கக் கமலவேணியிடம் கொடுத்தேன். பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். புதன்கிழமையே நீங்கள் இரண்டு பேரும் பதிவிலாகாவில் கல்யாணத்துக்குப் பாரம் பூர்த்தி செய்து கொடுத்துவிட்டீர்களாமே! "அதுல பிறந்த தேதிதாண்ணே கேட்டாங்க, நேரம் கேட்கலே" என்கிறாள். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடலாமென்றால் விடமாட்டேன் என்கிறாள், உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டுமாம். சாட்சிக் கையெழுத்துக்கு ஓர் ஆள் குறைகிறதென்று என்னைக் கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவசியம் வருகிறேன். எத்தனை மணிக்கு என்பதை மட்டும் ஜெயாவிடம் சொல்லிவிடுங்கள், என்னிடம் சொல்ல வேண்டாம்.