பழைய பதினேழாம் நம்பர்

இரண்டு பக்கம் படித்தாலே ஓர் எழுத்தாளரின் தரத்தைச் சொல்லிவிடுவேன் என்று ஒரு காலத்தில் நான் நம்பியிருந்தேன். என் மனைவி செல்விக்கு அந்த நம்பிக்கை என்றைக்கும் இருந்ததில்லை.

அப்போது கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஓர் ஆற்றங்கரைக் கிராமத்தில் வாடகைக்கு இருந்தோம். நான் கல்லூரியில் தற்காலிகத் தமிழ் விரிவுரையாளன். வேலை நிரந்தரமாக முதல்வர் மனம் வைக்க வேண்டும். அவர் மனம் வைக்க நான் எதையாவது ஆராய்ந்து காட்ட வேண்டும். எங்கள் தெருவிலேயே அந்தக் காலத்து எழுத்தாளர் ஒருவர் வாழ்ந்திருந்தார். அவருடைய கடிதம் ஒன்றில் கதவு எண் பதினேழு என்று இருந்தது. விடுவேனா? எதிர்வரிசையில் இருந்த பதினேழாம் எண் வீட்டின் வரலாற்றை எழுதக் கிளம்பிவிட்டேன்.

அந்த வீட்டின் சொந்தக்காரர் பீர் முகம்மது பாய், துபாயிலிருந்து திரும்பியவர். "ஒங்க வீட்டைப் பத்தி எழுதட்டுமா?" என்று கேட்டேன். "தாராளமா எழுதுங்க சார்" என்றார். எந்த எழுத்தாளரை முன்னிட்டு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. (ஆராய்ச்சியாளன் என்றால் கொஞ்சம் இறுக்கமாக இருக்க வேண்டாமா?) ஆறு மாதம் கூடத்தை அளந்தேன், மேசையைப் படமெடுத்தேன், ஜன்னலைப் பற்றி மட்டும் நான்கு பக்கம் எழுதினேன். 'எதிரே இலக்கிய வாசனையே இல்லாத ஒரு வீடு' என்று நான் குடியிருந்த வீட்டையும் ஒரு வரியில் சேர்த்துக்கொண்டேன்.

புத்தக வெளியீடு அந்தக் கூடத்திலேயே நடந்தது. முதல்வர் மேசையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இந்த மேசையில்தான் அந்த நாவல்கள் பிறந்தன" என்று நான் குரலை நடுங்கவிட்டபோது பாய் பைய எழுந்தார்.

"சார், இது எங்க வாப்பா சட்டைத்துணி வெட்டுத மேசைலா."

யாரோ இருமினார்கள்.

"நீங்க சொல்லுத ஆளு பழைய பதினேழுல இருந்தாரு. பஞ்சாயத்துல நம்பரை மாத்துன பொறவுதான் எங்க வீடு பதினேழாச்சு."

"பழைய பதினேழு எது?" என்றார் முதல்வர்.

"எதுத்தாப்ல. சாரு குடியிருக்குத வீடுதான்."

கூட்டம் மொத்தமும் தெருவைக் கடந்தது. என் வாசல் நிலையில், சுண்ணாம்புக்கு அடியில், 17 மங்கலாகத் தெரிந்தது. இரண்டு வருடமாக அதன்மேல்தான் குடையை மாட்டி வந்திருக்கிறேன். மானம் போனது. ஆனால் முதல்வர் முகம் மலர்ந்துவிட்டது. "பரவாயில்லை, வீடு நம் கையில்தானே இருக்கிறது" என்றவர், செல்வியிடம் திரும்பி, "பரண்ல பழைய காகிதம் ஏதும் உண்டாம்மா?" என்று கேட்டார்.

சொல்லாதே என்று செல்விக்குக் கண்ணைக் காட்டினேன். அவள் பார்க்கவில்லை.

"ஒரு மூட்டை இருந்துச்சு சார். போன ஐப்பசி மழையில வெறகு நனைஞ்சு கெடந்துச்சா, இவுக ரெண்டு பக்கம் படிச்சுப் பாத்தாவ. நடை சரியில்ல, அடுப்புக்கு எடுத்துக்கோன்னு சொல்லிட்டாவ. ஒரு வாரம் வெந்நி போட்டோம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்குப் படிக்க நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

முதல்வர் காபி குடிக்காமல் காரில் ஏறினார். அடுத்த ஆண்டு தற்காலிக வேலையும் இல்லை.

இப்போது வேறு ஊர், தனியார் பள்ளியில் வேலை. இன்றைக்கும் ஏதாவது புத்தகத்தைப் புரட்டி நான் உதட்டைப் பிதுக்கினால் போதும், அடுக்களையிலிருந்து செல்வியின் குரல் வரும்.

"வெந்நி போடட்டுமா?"